பூக்காலத்தில் வந்த நோய்

போன மாதம் என் பழைய ஜூனியர் ஒருத்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. நலம் விசாரித்தாள், சாப்பிட்டேனா என்று கேட்டாள், திண்டுக்கல் வெயிலைத் திட்டினாள். இவள் இப்படிச் சுற்றி வளைத்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். “சரி, விஷயத்துக்கு வா” என்றேன்.

“மேடம், ஒன்பது வயசுப் பையன். அம்மாவே பைபோலார்னு சொல்லிக்கிட்டு வர்றாங்க. போன்ல ஏதோ கேள்வி பதில் போட்டுப் பாத்தாங்களாம், நல்ல மார்க் வந்திருக்காம். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோணுது. எழுதிரலாமா?”

“எழுதாதே. ஆனா பையனையும் விட்டுராதே.”

“அந்த ரெண்டுக்கும் நடுவுல நான் என்ன மேடம் செய்யறது?”

அந்த நடுவில்தான் நான் என் உத்தியோக காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அதைப் போனில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். பேச்சுத் துணைக்கு வீட்டில் ஆள் இல்லை. எழுதினால் பொழுதாவது போகும்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் இருதுருவ மனநிலைக் கோளாறு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் நன்றாக இருக்கட்டும். அந்தத் துருவம் எங்கே இருக்கிறது என்று நான் எந்த நோயாளிக்கும் விளக்கியதில்லை. சில வாரம் மனசு தறிகெட்டு மேலே போகும். தூக்கம் இருக்காது, தூங்காத களைப்பும் இருக்காது, பேச்சு நிற்காது, ஊரையே விலைக்கு வாங்கத் தோன்றும். பிறகு சில வாரமோ சில மாதமோ அப்படியே இறங்கிவிடும். எழுந்து பல் விளக்குவதே மலைப்பாக இருக்கும். பெரியவர்களிடம் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். பிள்ளைகளிடம்தான் சிக்கல். எந்தப் பிள்ளை நிமிஷத்துக்கு ஒரு குணம் காட்டாமல் இருக்கிறது? சிரிக்கச் சிரிக்க அழும், அழ அழ பிஸ்கட் கேட்கும். இதில் நோய் எது, பிள்ளை எது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் நமக்குக் கண் பூத்துப்போகும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் படித்தேன். மனநலம் எடுக்கப்போகிறேன் என்றதும் அப்பா பேச்சை நிறுத்தினார். “நல்ல டாக்டரா வர வேண்டியவ” என்று அம்மா சொந்தக்காரர்களிடம் துக்க வீட்டுக் குரலில் சொன்னாள். கல்யாணப் பேச்சு வந்தது, போனது. வந்தவர்களுக்கு என் தொழில் பிடிக்கவில்லை, எனக்கு வந்தவர்களைப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

முதல் போஸ்டிங்கில் எங்களுக்கு ஒரு சீஃப் இருந்தார். குள்ளமான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, இரண்டிலும் மை இருக்காது; எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவரிடம் கை நீட்டுவார். பிள்ளைகள் வந்தால் தன் சுழல் நாற்காலியைக் கொடுத்துவிட்டு மர ஸ்டூலில் போய் உட்காருவார். பிள்ளை நாற்காலியைச் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் பெற்றோரிடம் பேசிக்கொண்டே கடைக்கண்ணால் பார்ப்பார். எவ்வளவு நேரம் சுற்றுகிறது, போதும் என்றால் நிறுத்துகிறதா, அப்பா இருமினால் மட்டும் நிறுத்துகிறதா. பிள்ளையின் காதில் விழும்படி நோயின் பெயரைச் சொல்லக்கூடாது. கூடப் பயிற்சியில் இருந்த ஒருவன் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டான். அந்தக் குடும்பம் வெளியே போகும்வரை பொறுத்திருந்து, “பேரு வச்சா கூப்பிடத் தோணும்ப்பா” என்றார் சீஃப். அதோடு சரி. அந்த வாரம் முழுக்க அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று அவன் என்னிடம் புலம்பினான்.

தூக்கத்தைப் பற்றி விசாரிப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்று எல்லா டாக்டரும் கேட்பார்கள். அவர் அதற்குப் பிறகு இன்னொன்றும் கேட்பார். “தானா முழிச்சுச்சா, யாராவது எழுப்பி விட்டீங்களா?” இந்த நோயில் மேலே போகிறவர்களுக்குத் தூக்கம் தேவைப்படாது, யாரும் எழுப்பாமலே விழித்து, விழித்ததும் துள்ளிக்கொண்டு திரிவார்கள். தூங்க விடாமல் எழுப்பப்பட்ட பிள்ளையும் பார்க்க அப்படியேதான் இருக்கும். கோபப்படும், ஓயாமல் பேசும், காரணமில்லாமல் சிரித்து அழும். இரண்டுக்கும் மருந்து வேறு. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு முழு வருடம் பார்க்காமல் எந்தப் பிள்ளைக்கும் இந்தப் பெயரை எழுதக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம்.

அவர் இறந்துபோனதை டாக்டர்களின் வாட்ஸப் குழுவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நானும் ஒன்று போட்டேன். அன்றைக்கு எனக்கு வெளிநோயாளிகளைப் பார்க்கும் ஓ.பி. இருந்தது, போய் உட்கார்ந்து பார்த்தேன். அவரைப் பற்றிப் பேசுவதற்கு இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை.

எங்கள் தொழிலே அப்படித்தான். பிரசவம் பார்த்த டாக்டரை ஜவுளிக்கடையில் பார்த்தால் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவார்கள். என்னைப் பார்த்தால் சேலையை மடக்கி வைத்துவிட்டு அடுத்த மாடிக்குப் போவார்கள். யாராவது ‘இவங்கள உனக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்டுவிடுவார்களே. வீட்டு உரிமையாளரும், “பேர மட்டும் போடுங்கம்மா, என்ன டாக்டர்னு போட வேணாம்” என்று போர்டு விஷயத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒரு தடவை பழனி பஸ்ஸில் என்னிடம் ஐந்து வருடம் வைத்தியம் பார்த்த அம்மாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கூட மாமியார். “எதுவரைக்கும் போறீங்க?” என்று புது ஆளைக் கேட்பதுபோலக் கேட்டார். நானும் புது ஆளாகவே பதில் சொன்னேன். ஆயக்குடியில் இறங்கும்போது ஒரு பை கொய்யாப்பழத்தை சீட்டிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்தப் பழத்தை வீட்டில் தனியாக உட்கார்ந்து தின்றேன், நன்றாக இருந்தது.

பவித்ரா என்னிடம் வந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா இருவரும் மல்லிகைத் தோட்டக்காரர்கள். வெளியூரில் ஒரு தனியார் டாக்டர் எட்டு மாதத்துக்கு முன்பே பைபோலார் என்று எழுதி, லித்தியமும் இன்னொரு மாத்திரையும் கொடுத்திருந்தார். அவ்வளவு தூரம் அலைய முடியாமல் எங்களிடம் வந்திருந்தார்கள்.

“மாத்திரைய மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னா நாங்க பாட்டுக்கு மாசாமாசம் வந்து வாங்கிக்கிருவோம், டாக்டரம்மா” என்றார் அப்பா.

பிள்ளையைப் பார்த்தேன். முகம் உப்பியிருந்தது. கை நடுங்கியது. நடுவில் இரண்டு தடவை தண்ணீர் கேட்டாள். என் சுழல் நாற்காலியைக் கொடுத்தேன். உட்கார்ந்தாளே தவிரச் சுற்றவில்லை.

அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்லப்பட்ட கதை கச்சிதமாக இருந்தது. இரண்டு வருடமாக மாசி, பங்குனி வந்தால் பிள்ளை தலைகால் புரியாமல் ஆடுகிறாள். வகுப்பில் வாய் ஓயாமல் பேச்சு, அடிதடி, டீச்சர் திட்டினால் சிரிப்பு, சிரிப்பு முடிவதற்குள் அழுகை. நாலு மணி நேரம்தான் தூக்கம். கார்த்திகை கழிந்தால் அப்படியே அடங்கிச் சுருண்டு படுத்துவிடுகிறாள், கூப்பிட்டால்கூட எழுந்திருப்பதில்லை. போதாததற்கு அப்பாவின் தம்பிக்கு இந்த நோய் நிஜமாகவே இருந்தது. அந்த மனிதர் ஒரு சித்திரையில் ஊர் முழுக்கக் கிடா விருந்துக்கு அழைத்தார். வீட்டில் ஆடே கிடையாது. அதே வருடம் மார்கழியில் அவரைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். இறங்கி எடுத்தது பவித்ராவின் அப்பா. மாத்திரை ஆரம்பித்ததும் பிள்ளையும் சரியாகிவிட்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நான் வழக்கப்படி கேட்டேன். “அந்த நாலு மணி நேரம் தூங்குனான்னு சொன்னீங்களே, அவளா முழிச்சாளா, நீங்க எழுப்புனீங்களா?”

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இந்த டாக்டரம்மாவுக்கு விவரம் பத்தாது என்று நினைத்திருக்க வேண்டும். “எழுப்பாம? பூ எடுக்க வேணாமா?”

“எத்தனை மணிக்கு?”

“ரெண்டு ரெண்டரைக்கு. மொட்டு வெடிக்கிறதுக்குள்ள எடுத்து மார்க்கெட்டுக்கு ஏத்தணும்ல. வீட்ல எல்லாருந்தேன் எந்திரிப்போம். தலையில லைட்ட மாட்டிக்கிட்டு அது பாட்டுக்கு ஒரு பாத்தி எடுத்துரும். வெரலு சின்ன வெரலு, மொட்டு கசங்காது.”

“இத அந்த டாக்டர்ட்ட சொன்னீங்களா?”

“எத்தன மணி நேரம் ஒறங்குறான்னு கேட்டாரு, சொன்னோம். பூ எடுக்கிறதப் பத்தி அவரு கேக்கலையே” என்றார் அப்பா.

யாருமே பொய் சொல்லவில்லை. பூக்காலத்தில் அந்த வீட்டில் எல்லாருக்கும் நாலு மணி நேரம்தான் தூக்கம். அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. கார்த்திகையில் செடியைக் கவாத்து வெட்டிவிட்டால் மாசி வரைக்கும் மொட்டு இல்லை. எழுப்ப அவசியம் இல்லை. பிள்ளை அத்தனை மாதத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கியிருக்கிறாள்.

“மாத்திர போட்டப்புறம் பூ எடுக்க வந்தாளா?” என்று கேட்டேன்.

“எங்குட்டு வார? கை நடுங்குதுல்ல, தொட்டாலே மொட்டு நசுங்குது. நீ படுத்துக்கத்தான்னு விட்டுட்டோம்.”

பிள்ளையைச் சரி செய்தது மாத்திரையா, மாத்திரை கை நடுக்கம் கொடுத்ததால் கிடைத்த தூக்கமா? இரண்டும் ஒரே வாரத்தில் ஆரம்பித்திருக்கின்றன. பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். அடுத்த பூக்காலம் முழுக்க அவளை எழுப்பாமல் விட வேண்டும். நிஜமாகவே நோயாக இருந்தால் பிள்ளை மறுபடி தலைகீழாகப் போவாள், சித்தப்பா கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு இதைச் சொன்னதும் அப்பா எழுந்துவிட்டார். “நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஏன் நிறுத்தணும்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து கிணத்துல எறங்குவீங்க?”

சீஃப் போய்ச் சேர்ந்துவிட்டார். பிரிவில் நான் ஒருத்திதான் டாக்டர். கேட்க ஆள் இல்லை. அந்த அப்பாவின் பயம் நியாயமானது. எனக்கும் அதே பயம்தான்.

அம்மாதான் முடிவு செய்தார். நடுங்கும் கையால் பிள்ளை சட்டைப் பித்தானைப் போட முடியாமல் தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தன்னிடம் வந்து நிற்பதை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். “அவ பாத்தியையும் சேத்து நான் எடுத்துக்கிறேன். நீங்க கொறைங்க டாக்டரம்மா.”

கவாத்துக் காலத்திலேயே ரத்தம் பார்த்துப் பார்த்துக் குறைத்தேன். பங்குனி பிறக்கும்போது மாத்திரை இல்லை. அந்தப் பூக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போவேன். டாக்டர் என்று சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தவர் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு முன்கட்டில் சாக்கு விரித்து நாலைந்து பெண்கள் பூவை நிறுத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பவித்ரா சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

“மகாராணி இன்னும் எந்திரிக்கலையாக்கும்? பொம்பளப் பிள்ளைய இப்படி வளத்தா நாளைக்குப் போற எடத்துல நம்மளத்தேன் வைவாக” என்பாள் ஒருத்தி.

“நீ பூவப் பாருத்தா” என்பார் அம்மா. அவர் கண் இரண்டும் செவசெவ என்று இருக்கும். இரண்டு ஆள் பூவை ஒரு ஆள் எடுத்த கண். நான் மோர் குடித்துவிட்டு, பிள்ளை எழுந்திருக்கும்வரை காத்திருந்து, செத்த நேரம் பேசிவிட்டு வருவேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொரு வாரமும், அடுத்த வாரம் என்ன சேதி கேட்கப்போகிறேனோ என்று இருக்கும்.

ஒன்றும் கேட்கவில்லை. பூக்காலம் முடிந்தது. பவித்ரா பள்ளியில் ஒரு பிள்ளையின் முடியைப் பிடித்து இழுத்தாள், ஒரு நாள் சாப்பிட மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் இதுகூட இல்லை என்றால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். “பேச்சு கொறையல மேடம், ஆனா இப்ப நிறுத்துன்னா நிறுத்துறா” என்றார் அவள் டீச்சர். முக உப்பல் வடிந்தது. ஓ.பி.க்கு வந்தபோது என் நாற்காலியில் ஏறி, நான் போதும் என்று சொல்லும்வரை சுற்றினாள்.

“அப்ப நோய் இல்லைன்னு எழுதிக் குடுங்க” என்றார் அப்பா.

“இப்ப இல்லைன்னுதான் சொல்ல முடியும். சித்தப்பாவுக்கு இருந்திருக்கு. வயசு வரட்டும், பாக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கூட்டிட்டு வாங்க. தூக்கத்த மட்டும் கெடுத்துராதீங்க.”

அவர் காதில் ‘இல்லை’ மட்டும் விழுந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் சொன்னதில் அவருக்கு உபயோகப்பட்டது அது ஒன்றுதான். இரண்டு வருடம் வந்தார்கள், பிறகு வரவில்லை. ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பவித்ரா நெடுநெடு என்று வளர்ந்திருந்தாள். அப்பா அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி வேறு பக்கமாக நடத்திக்கொண்டு போனார். வருத்தமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. என்னைத் தெரியாத பிள்ளையாக அவள் வளர்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தொன்பது வயதில் அவளைக் கொண்டுவந்தார்கள். கல்லூரி விடுதியில் பரீட்சை நேரம். யாரும் எழுப்பவில்லை. அவளாகவே தூங்காமல் இருந்தாள், களைப்பே இல்லை. கல்லூரி முதல்வருக்கு போன் போட்டு, கல்லூரியைத் தான் எடுத்து நடத்தப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை எனக்குச் சந்தேகமே இல்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

ஓ.பி. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா என் முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. “நீங்கதான் இல்லைன்னு சொன்னீங்க. உங்கள நம்பி ஏழு வருஷம் சும்மா இருந்துட்டோம்” என்றார்.

அட்மிஷன் போட்டுவிட்டு, டியூட்டி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு நர்ஸ் கதவைத் தட்டி, “மேடம், ஊசி என்ன போடணும்?” என்று கேட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் எழுதினேன். பவித்ரா மூன்று வாரத்தில் தெளிந்தாள். அடுத்த சில மாதத்தில் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். முன்னால் நின்று பேசிய ஒருவர் என் பொறுமையைப் புகழ்ந்தார். எனக்குப் பவித்ராவின் அப்பா முகம்தான் கண்ணில் நின்றது.

நான் செய்தது தப்பா என்று இந்த வீட்டில் உட்கார்ந்து எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். தப்பில்லை. நாளைக்கே அதே பிள்ளை அதே கதையோடு வந்தாலும் அதையேதான் செய்வேன். பதினோரு வயதில் அவளுக்கு இருந்தது தூக்கக் குறைவு. பத்தொன்பதில் வந்தது நோய். முதலில் கொடுத்த மாத்திரை இரண்டாவதைத் தடுத்திருக்கும் என்று எவரேனும் அடித்துச் சொன்னால், அவரிடம் நான் மறுபடி படிக்கத் தயார். இப்படியெல்லாம் சுவரிடம் வாதாடலாம், சுவர் ஒத்துக்கொள்ளும். அந்த அப்பாவிடம் சொல்ல முடியவில்லை.

ஜூனியர் போன் செய்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு காலை, மாடிப்படியில் ஆள் ஏறும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர்காரரைத் தவிர யாரும் ஏறி வருவதில்லை. கதவைத் திறந்தால் பவித்ரா. ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறாளாம். மாத்திரையைத் தவறாமல் போடுகிறாள். ராத்திரி லோடு வேலை மட்டும் வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லி வாங்கியிருக்கிறாள்.

“அப்பா அன்னைக்கு உங்கள அப்படிப் பேசிருக்கக் கூடாது டாக்டர்.”

“பேசட்டும்மா. யார்ட்டயாவது பேசணும்ல.”

இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தேன்; ஒரு மடக்கு குடித்தாள். பிறகு சொன்னாள்: “ரெண்டாவது தடவ பேரு எழுதுனதுலருந்து, வீட்ல நான் சிரிச்சா அப்பா என் மொகத்தப் பாக்குறாரு டாக்டர். சும்மா சிரிக்கிறாளா, இல்ல அதுவான்னு. அம்மாவும் பாக்குது. பாக்காத மாதிரி பாக்குது. பாவம், அவங்க என்ன செய்வாங்க. ஆனா நீங்க நிறுத்துன அந்த ஏழு வருஷம் யாரும் அப்படிப் பாக்கல. கெக்கெக்கேன்னு எம்புட்டு வேணும்னாலும் சிரிச்சேன். அத உங்கள்ட்ட சொல்லணும்னு தோணுச்சு, அம்புட்டுத்தேன்.”

பேச்சை மாற்ற, மண்டியில் வேலை எப்படி என்று கேட்டேன். முதலாளி ஏலம் போடும் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே, அணைக்க மறந்து, வீட்டுக்கார அம்மாவிடம் போனில் திட்டு வாங்கிய கதையை ஆரம்பித்தாள். “நான் என்னத்தா செஞ்சேன், நான் என்னத்தா செஞ்சேன்” என்று அவர் கெஞ்சியது மண்டி முழுக்கக் கேட்டதாம். தக்காளி ஏலம் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார்களாம். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

என் கண் தானாக அவள் முகத்துக்குப் போனது. சிரிப்பு எவ்வளவு நேரம் நீள்கிறது, சத்தம் எவ்வளவு, கண்ணில் என்ன இருக்கிறது என்று முப்பது வருடப் பழக்கம் அளக்க ஆரம்பித்துவிட்டது. சட்டென்று தலையைக் குனிந்து, காலியாக இருந்த என் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன். அவள் சிரித்து முடிக்கும்வரை நிமிரவில்லை.